ஷேர் விலையும் லாபமும்: எத்தனை வருஷத்து லாபத்தை விலையாகக் கொடுக்கிறோம்?



சென்ற மாதம் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த சமயம், பாலிக் புலாவ் சந்தைக்குப் பக்கத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துக் கைபேசியை நீட்டினார். "காக்கா, இந்த ஷேரைப் பாருங்க. விலை 1 வெள்ளி 20 காசு. பி.ஈ. நாலுதான் காட்டுது. நாலே வருஷத்துல போட்ட பணம் திரும்பிடும்ங்கிறாங்க. பெருநாள் சரக்குக்கு வச்சிருக்கிற 40,000 வெள்ளி கையில இருக்கு. இதுல போட்டு மூணு மாசத்துல எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. கடைச் சரக்குப் பணம் என்று கேட்டதும் நெஞ்சு திக்கென்றது வாஸ்தவந்தான். ஆனால் "போடாதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினால் அவர் வேறு யாரிடமாவது போய்க் கேட்பார். அந்த "நாலு" என்ன எண், எங்கிருந்து வருகிறது, எப்போது அதை நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதே நியாயம் என்று பட்டது. இதே கேள்வி நம்மில் இன்னும் பலருக்கு இருக்கக்கூடும் என்பதால், செயலாளரிடம் இடம் கேட்டு வாங்கி இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுந்தான் நமது கல்வி. ஆனால் பாகப்பிரிவினைக் கணக்கை ஹஜ்ரத் காதைத் திருகிக் கற்பித்திருக்கிறார். ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பங்கு பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பாரமே அல்ல.

ஒருவர் தம் மளிகைக் கடையை விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 120,000 வெள்ளி கேட்கிறார். நாம் முதலில் என்ன கேட்போம்? "வருஷத்துக்கு என்ன நிற்கும்?" என்றுதானே கேட்போம்! வாடகை, சம்பளம், விளக்குக் கட்டணம், கெட்டுப்போன சாமான், வரி எல்லாம் போக 24,000 வெள்ளி நிற்கிறது என்கிறார். 120,000ஐ 24,000ஆல் வகுத்தால் 5. ஐந்து வருஷத்து லாபத்தை முன்கூட்டியே விலையாகக் கொடுத்து அந்தக் கடையை வாங்குகிறோம் என்று அர்த்தம். அதே கடைக்கு 480,000 கேட்டால் 20 வருஷத்து லாபம். (இந்த இடத்தில் ஒரு வார்த்தை: கடைக்காரர் தமக்குச் சம்பளம் போட்டுக்கொண்டாரா, கல்லாவில் உட்காரும் மனைவிக்கும் மகனுக்கும் கூலி கணக்கிட்டாரா என்று பார்க்க வேண்டும். நம்மில் அநேகர் அதைப் போடாமலே லாபம் லாபம் என்கிறோம். அந்தக் கணக்கில் லாபமாகத் தெரிவது பெரும்பாலும் நம் சொந்தக் கூலிதான்.)

கம்பெனி என்பதும் ஒரு கடைதான். அதைச் சிறுசிறு துண்டுகளாக்கி விற்கிறார்கள், அவ்வளவே. வருஷத்து நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பங்கொன்றுக்கு இத்தனை காசு லாபம் என்று வரும். பங்கின் சந்தை விலையை அந்தக் காசால் வகுத்தால் வருவதுதான் விலை-லாப விகிதம். ஷேர்க்காரர்கள் பி.ஈ. என்று சொல்வதும் இதுவே. விலை 2 வெள்ளி, பங்கொன்றுக்கு லாபம் 10 காசு என்றால் 20 மடங்கு.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ஒரு ஷேர் விலை கூடியதா மலிவா என்று பேச முடியும். விலையை மட்டும் பார்த்துப் பேசுவது வீண். சென்னைக்கு அருகே திருவொற்றியூரில் 1946ல் மாமன் மாப்பிள்ளை என்பவர் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய பட்டறைதான் இன்றைய எம்.ஆர்.எப். டயர் கம்பெனி. அதன் ஒரு பங்கு 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் எந்தப் பங்கும் அதற்கு முன் அந்த விலையைத் தொட்டதில்லை. "ஒரு பங்குக்கு ஒரு லட்சமா!" என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அந்தக் கம்பெனியில் மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான். 2023 மார்ச்சில் முடிந்த வருஷத்தில் லாபம் ஏறத்தாழ 769 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் பங்கொன்றுக்குச் சுமார் 1,800 ரூபாய். ஆக, ஒரு லட்சம் ரூபாய் விலை 55 மடங்கு. இனி, நம் சந்தையில் 30 காசுக்கு ஒரு ஷேர் கிடைக்கிறது, அது பங்கொன்றுக்குக் கால் காசு சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 120 மடங்கு! 30 காசு ஷேர் ஒரு லட்ச ரூபாய் ஷேரைவிட இரண்டு பங்குக்கு மேல் விலை கூடியது. "முப்பது காசுதானே, போனால் போகட்டும்" என்று 10,000 பங்கு வாங்குகிற சகோதரர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு பயன் உண்டு. 20 மடங்கு என்றால், 100 வெள்ளி போட்டதற்குக் கம்பெனி நம் பேரில் வருஷம் 5 வெள்ளி சம்பாதிக்கிறது. 10 மடங்கு என்றால் 10 வெள்ளி. தாபோங் ஹாஜி 2024ஆம் ஆண்டுக்கு 3.25 சதவீதம் கொடுத்தது. அதை இந்தக் கணக்கில் வைத்தால் ஏறத்தாழ 31 மடங்கு. எனவே 31 மடங்குக்கு மேல் விலை கொடுத்து ஒரு ஷேரை வாங்குகிறவர், ஹஜ்ஜுக்காகப் போட்டு வைக்கும் பணம் ஈட்டுவதைவிடக் குறைவான லாபத்தை, அதைவிட அதிக ஆபத்தோடு வாங்குகிறார். அந்த லாபம் வருஷா வருஷம் வளரும் என்று நம்பினால்தான் அது புத்தியுள்ள காரியம். இன்னொன்று: கம்பெனி சம்பாதிப்பது முழுவதும் நம் கைக்கு வருவதில்லை. ஒரு பகுதியை ஈவாகக் கொடுத்துவிட்டு மீதியைத் தொழிலிலேயே போட்டுக்கொள்வார்கள்.

வளரும் என்ற நம்பிக்கைக்குத்தான் பெரிய மடங்கு. நம் பினாங்கிலேயே, பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972ல் தொடங்கிய தொழில் வட்டாரத்தின் நிழலில் வளர்ந்த மின்னணுக் கம்பெனிகள் சிலவற்றின் ஷேர்கள் 2021ல் 50 மடங்குக்கும் மேலே போயின. அந்தச் சமயம் பேங்க் நெகாரா வட்டி விகிதம் 1.75 சதவீதமாக இருந்தது. வேறெங்கும் பணம் பெரிதாகச் சம்பாதிக்காதபோது ஜனங்கள் வருங்கால லாபத்துக்கு அதிக விலை கொடுக்கத் துணிகிறார்கள். 2022ல் அமெரிக்காவிலும் இங்கும் வட்டி ஏறத் தொடங்கியதும் அந்த மடங்குகள் சுருங்கின. கம்பெனிகளின் லாபம் பலவற்றில் குறையக்கூட இல்லை. ஆனாலும் ஷேர் விலை இறங்கிற்று.

நிற்க. பெரிய மடங்கில் ஆபத்து உண்டென்பது எல்லோருக்கும் சீக்கிரம் புரிந்துவிடுகிறது. சிறிய மடங்கிலும் ஆபத்து உண்டென்பதுதான் புரிவதில்லை. அந்த இளைஞர் மாட்டிக்கொள்ள இருந்ததும் அங்கேதான். இதற்கு "டாப் குளோவ்" கம்பெனியின் கதையைவிட நல்ல பாடம் நம் நாட்டில் கிடையாது. எல்லாம் பத்திரிகைகளிலும் பங்குச் சந்தையிலும் பகிரங்கமாக வெளியான கணக்குத்தான்.

1991ல் லிம் வீ சாய் என்பவர் தொடங்கிய ரப்பர் கையுறைக் கம்பெனி அது. 2001ல் பங்குச் சந்தைக்கு வந்தது. உலகத்திலேயே அதிகமாகக் கையுறை செய்கிற கம்பெனி என்று பேர் வாங்கியது. அதன் கணக்காண்டு ஆகஸ்டு 31ல் முடியும். 2019 ஆகஸ்டில் முடிந்த வருஷத்தில் லாபம் சுமார் 36 கோடி வெள்ளி. பங்கொன்றுக்கு ஏறத்தாழ 14 காசு. 2020 ஜனவரியில் ஷேர் 4 வெள்ளி 70 காசை ஒட்டி விற்றது. அப்படியானால் 33 மடங்கு. "கையுறை விற்கிற கம்பெனிக்கு 33 மடங்கா? அநியாய விலை!" என்று கணக்குத் தெரிந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவர்கள் சொன்னது தவறென்றும் சொல்ல முடியாது.

அந்த மார்ச்சில் கோவிட் நோய் நாட்டையே பூட்டிவிட்டது. நம் கடைகளும் எப்படிக் கிடந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் கையுறைக்கு அடித்துக்கொண்டன. ஆயிரம் கையுறை 20, 25 அமெரிக்க டாலருக்குப் போய்க்கொண்டிருந்தது, 100 டாலரையும் தாண்டிற்று. செய்கூலி அவ்வளவு ஏறவில்லை. விலை ஏறியதில் பெரும்பகுதி லாபமாக நின்றது. 2020 ஆகஸ்டில் முடிந்த வருஷத்தில் லாபம் சுமார் 175 கோடி வெள்ளி.

செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது நம் பெஞ்சில் உட்கார்ந்து பேசிய ஒருவர், "27 வெள்ளி ஷேர் 9 வெள்ளிக்கு இறங்கி மலிவாகிவிட்டது" என்றார். ஒரு ரொட்டியை மூன்றாகக் கிழித்தால் மூன்று ரொட்டி ஆகிவிடுமா? விலை மூன்றில் ஒன்றானால் பங்கொன்றுக்கான லாபமும் மூன்றில் ஒன்றாகிவிடும், மடங்கு மாறாது. அக்டோபரில் அந்தப் புதுப் பங்கே 9 வெள்ளியைத் தாண்டியது. 33 மடங்கில் வாங்கியவர் கையிலிருந்தது, புதுப் பங்குக் கணக்கில், ஒரு வெள்ளி 57 காசு அடக்கம். எத்தனை லாபம் பாருங்கள்! மடங்கு பெரிதென்று ஒதுங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

2020 நவம்பர் 9 அன்று பைசர் கம்பெனி தன் தடுப்பூசி பலன் தருகிறதென்று அறிவித்தது. கையுறை ஷேர்கள் சரியத் தொடங்கின. 2021 மார்ச்சில் அமெரிக்கச் சுங்க இலாகா தொழிலாளர் விவகாரத்தைக் காரணம் காட்டி இந்தக் கம்பெனியின் சரக்கைத் தடுத்தது. அந்தத் தடை செப்டம்பரில் நீங்கிற்று. இவ்வளவு நடந்தும், 2021 ஆகஸ்டில் முடிந்த வருஷத்தின் லாபம் சுமார் 780 கோடி வெள்ளி என்று கணக்கு வந்தது. கம்பெனியின் சரித்திரத்தில் அப்படி ஒரு லாபம் கிடையாது. பங்குகள் சுமார் 800 கோடி. பங்கொன்றுக்கு 97 காசை ஒட்டிய லாபம். ஷேர் விலையோ செப்டம்பர் கடைசியில் 3 வெள்ளியை ஒட்டி நின்றது.

மூன்று மடங்கு! மூன்று வருஷத்து லாபத்துக்கு உலகத்திலேயே பெரிய கையுறைக் கம்பெனி! "சந்தைக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, இப்போது வாங்காதவன் முட்டாள்" என்று பேசினார்கள். நம் ஊரிலும் வாங்கினார்கள்.

அடுத்த வருஷம், 2022 ஆகஸ்டில் முடிந்த கணக்கில், லாபம் 780 கோடியிலிருந்து சுமார் 23 கோடிக்கு இறங்கியது. கடைசிக் காலாண்டில் நஷ்டம். ஷேர் ஒரு வெள்ளிக்குக் கீழே போயிற்று. அதற்கடுத்த வருஷம் 90 கோடி வெள்ளிக்கு மேல் நஷ்டம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு இந்த விகிதமே கிடையாது. வகுப்பதற்கு லாபம் வேண்டுமல்லவா?

33 மடங்கில் வாங்கியவர் சம்பாதித்தார், 3 மடங்கில் வாங்கியவர் நஷ்டப்பட்டார். ஏன் இப்படித் தலைகீழாயிற்று? எண் பொய் சொல்லவில்லை. அது போன வருஷத்து லாபத்தைச் சொல்லிற்று, அவ்வளவே. சந்தை பார்த்தது வரப்போகும் வருஷத்தை. 2021 நடுவிலேயே கையுறை விலை இறங்கத் தொடங்கிவிட்டது. லாபத்தைப் பார்த்து இங்கும் சீனாவிலும் புதுப் புது ஆலைகள் எழும்பின. தட்டுப்பாடு நீங்கி, சரக்கு குவிந்தது. அரிசி தட்டுப்பாட்டில் மூட்டை மூட்டையாகப் பதுக்கியவனுக்கு அடுத்த அறுவடையில் என்ன கதியென்று நமக்குத் தெரியாதா?

நம் ஊர் டுரியான் தோட்டக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு வருஷம் காய்ப்பு அமோகம், விலையும் உச்சம். அந்த வருஷத்து வருமானத்தை வைத்துத் தோட்டத்துக்கு "நாலு வருஷ வருமானந்தானே" என்று விலை பேசுகிறவனைப் பார்த்துப் பழைய தோட்டக்காரர் சிரிப்பார். பூத்திருக்கும்போது நாலு நாள் மழை அடித்தால் அடுத்த வருஷம் என்ன மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஏழெட்டு வருஷத்துக் கணக்கைப் புரட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

அமெரிக்காவில் பெஞ்சமின் கிரகாம் என்ற ஆசிரியர் இதைத்தான் சொன்னார். 1929ல் அங்கே பங்குச் சந்தை விழுந்து பணமிழந்தவர்களில் அவரும் ஒருவர். 1934ல் டேவிட் டாட் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், ஒரே வருஷத்து லாபத்தை நம்பாதீர்கள், ஐந்து வருஷம், ஏழு வருஷம், முடிந்தால் பத்து வருஷச் சராசரியைப் பாருங்கள் என்று வற்புறுத்தினார். சாதாரண முதலீட்டாளர்களுக்காக 1949ல் எழுதிய நூல் இன்றும் அச்சாகிறது. ஜாக்கிரதையாக முதலீடு செய்பவர் கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தின் 15 மடங்குக்கு மேல் கொடுக்கலாகாது என்பது அதன் பிற்பதிப்புகளில் அவர் வைத்த வரம்பு. எல்லாக் காலத்துக்கும் எல்லாத் தொழிலுக்கும் அந்த 15 பொருந்துமென்று நாம் சொல்ல வரவில்லை. சராசரி என்ற வழிதான் நமக்கு முக்கியம்.

அதைக் கையுறைக் கம்பெனிக்குப் போட்டுப் பார்ப்போம். கோவிடுக்கு முந்திய ஐந்து கணக்காண்டுகள், 2015 முதல் 2019 வரை, அதன் லாபம் 28 கோடிக்கும் 43 கோடிக்கும் இடையில் இருந்தது. சராசரி 35 கோடியை ஒட்டி வரும். 800 கோடிப் பங்குக்கு வகுத்தால் பங்கொன்றுக்கு 4 காசு சொச்சம். 3 வெள்ளியை அதனால் வகுத்தால் 68 மடங்கு! போன வருஷக் கணக்கில் 3 மடங்கு, சாதாரணக் காலக் கணக்கில் 68 மடங்கு. வாஸ்தவம், கம்பெனி இடையில் புது ஆலை கட்டியிருந்தது, ரொக்கமும் சேர்த்திருந்தது. ஆகவே 68 என்பதை அப்படியே எடுத்துக்கொள்வதும் நியாயமல்ல. ஆனால் 3 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைச் சரக்குப் பணத்தைப் போட்டவர், இந்த இரண்டாவது எண்ணையும் காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் ஒரு ராத்திரியாவது யோசித்திருப்பார்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நாமும் ஏமாந்தவர்தான். 2016ல் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், 1 வெள்ளிக்கு விற்றது. பங்கொன்றுக்கு லாபம் 20 காசு என்று போட்டிருந்தது. ஐந்து மடங்குதானே என்று 6,000 பங்கு வாங்கினோம். மனைவியிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம். அறிக்கையில் உள்பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்திருக்கிறது: அந்த 20 காசில் 16 காசு, பழைய ஆலை நின்ற நிலத்தை விற்ற பணம். நிலத்தை ஒரு தடவைதான் விற்கலாம். அடுத்த வருஷம் லாபம் 4 காசு, ஷேர் 55 காசு. 2,700 வெள்ளி போயிற்று. கம்பெனி எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது பக்கத்தைப் புரட்டாதது நம் குற்றம். கடை வாங்கப் போனால், "இந்த வருஷம் லாபம் சாமான் விற்றதிலா, லாரி விற்றதிலா?" என்று கேட்டிருப்போம். ஷேர் என்றதும் கேட்க மறந்துவிட்டோம்.

இந்த விகிதம் கடனையும் காட்டாது. இரண்டு கடைகள், இரண்டிலும் 24,000 வெள்ளி லாபம். ஒன்றில் சரக்கெல்லாம் சொந்தப் பணம், மற்றதில் பாதி மொத்த வியாபாரியிடம் கடன். இரண்டையும் ஒரே மடங்கில் வாங்குவோமா? அதற்கு ஐந்தொகையைப் பார்க்க வேண்டும். அது ஒரு தனிப் பாடம், அடுத்த இதழில் எழுதுகிறோம்.

ஹலால் ஹராம் விஷயத்திலும் இந்த எண் வாய் திறக்காது. பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு அனுமதிக்கப்பட்ட ஷேர்களின் பட்டியலை 1997 முதல் வெளியிட்டு வருகிறது. இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதத்திலும் நவம்பரிலும் புதுப்பிக்கிறார்கள். சென்ற பட்டியலில் இருந்தது அடுத்ததில் இல்லாமற்போவதும் உண்டு. முதலில் பட்டியல், பிறகுதான் கணக்கு.

பெரிய மடங்கின் ஆபத்துக்கு நம் கடை அலமாரியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறோம். மைலோவும் மேகியும் விற்காத மளிகைக் கடை இத்தீவில் உண்டா? அவற்றைச் செய்யும் நெஸ்லே மலேசியா கம்பெனி 2023ல் சுமார் 66 கோடி வெள்ளி லாபம் காட்டிற்று. பங்கொன்றுக்கு 2 வெள்ளி 81 காசு. 2024 தொடக்கத்தில் ஷேர் 117 வெள்ளியை ஒட்டி இருந்தது. 41, 42 மடங்கு. நல்ல கம்பெனி, நிலையான விற்பனை, ஆதலால் ஜனங்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். 2024ல் லாபம் சுமார் 41 கோடிக்கு இறங்கியது. (காரணங்களை நம் கடைப் பெஞ்சிலேயே எல்லோரும் விவாதித்தாயிற்று.) 2025 தொடக்க மாதங்களில் ஷேர் 100 வெள்ளிக்கும் கீழே. மடங்கு பெரிதாயிருக்கும்போது லாபம் கொஞ்சம் சறுக்கினாலும் அடி பலமாகவே விழும். ஜப்பானில் 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் குறியீடு 38,915ஐத் தொட்டபோது அந்நாட்டுச் சந்தை முழுவதுமே ஏறத்தாழ 60 மடங்கில் இருந்தது. அந்த உயரத்தை மறுபடி பார்க்க 2024 பிப்ரவரி 22 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முப்பத்துநான்கு வருஷம்! அன்று வாங்கிய வாலிபர் கிழவராகிவிட்டிருப்பார்.

சரி, கணக்கை எங்கே பார்ப்பது? புர்சா மலேசியாவில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை வெளியிட வேண்டும். அதில் பங்கொன்றுக்கான லாபம் காசுக் கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கும். கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டினால் ஒரு வருஷம். கைபேசியில் தெரியும் பி.ஈ. எண்ணில் சில போன வருஷக் கணக்கு, சில வரும் வருஷத்துக்கான யூகம். எது என்று போடாமலே காட்டுவதும் உண்டு. யூகம் யாருடையது என்று கேளுங்கள். ஒரே தொழிலிலுள்ள கம்பெனிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வங்கியின் மடங்கையும் மின்னணுக் கம்பெனியின் மடங்கையும் பக்கத்தில் வைத்து மலிவு, விலை கூடியது என்பது, உப்பையும் குங்குமப்பூவையும் ஒரே தராசில் விலை பேசுவது போலாகும்.

இனி அந்த இளைஞரின் விஷயம். மறுநாள் இஷாவுக்குப் பிறகு அவர் நம் கடைக்கு வந்தார். கல்லா மேசையில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடந்த வருஷம் பங்கொன்றுக்கு லாபம் 30 காசு, விலை 120 காசு, 4 மடங்கு சரிதான். அதற்கு முந்திய நாலு வருஷத்தைப் பார்க்கச் சொன்னோம். 6 காசு, 5 காசு, 7 காசு, 6 காசு. ஐந்து வருஷத்தையும் கூட்டினால் 54. சராசரி 10.8 காசு. 11 மடங்கு. கடந்த வருஷத்தை விட்டுவிட்டு மற்ற நாலையும் மட்டும் எடுத்தால் சராசரி 6 காசு, 20 மடங்கு.

"எது காக்கா சரி? நாலா, பதினொண்ணா, இருபதா?" என்றார்.

"தம்பி, அந்தக் கம்பெனிக்குப் போன வருஷம் ஏன் அஞ்சு மடங்கு லாபம் வந்தது, சொல்லுங்க" என்று கேட்டோம்.

அவருக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியாது. இருவரும் அறிக்கையைப் புரட்டினோம். அவர்கள் விற்கும் சரக்கின் உலக விலை அந்த வருஷம் இரண்டு பங்குக்கு மேல் ஏறியிருந்தது, கடைசிக் காலாண்டில் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பெருநாளுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கு காக்கா?" என்றார்.

அந்த வாரமே ஜார்ஜ்டவுன் போய்ச் சரக்கு எடுத்துவந்துவிட்டார். அந்த ஷேரிலும் 1,200 வெள்ளிக்கு ஆயிரம் பங்கு வாங்கியிருக்கிறாராம். "படிக்கிறதுக்கு ஒரு புத்தகம் வாங்கின மாதிரி இருக்கட்டும்" என்றார். நாம் தடுக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தங்களிடமுள்ள ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைச் சகோதரர்கள் கொண்டுவந்தால், ஐந்தொகையில் கடன் எந்த வரியில் இருக்கிறது, ரொக்கம் எந்த வரியில் இருக்கிறது என்று சேர்ந்தே பார்க்கலாம். பென்சிலும் தாளும் நாம் கொண்டுவருகிறோம்.